திறந்தவெளியில் இசை பதிவு செய்ய எந்த ரெக்கார்டர்? 32 பிட் ஃப்ளோட் இருந்தால் போதுமா?

நீங்கள் கேட்டது இது: புல்லாங்குழல், வயலின், கிட்டார், கூட ஒரு கைமேளம். ஒலிபெருக்கி கிடையாது. மரத்தடியிலோ ஆற்றோரத்திலோ வாசிப்பார்கள். அதைப் பதிவு செய்ய 32 பிட் ஃப்ளோட் (லெவல் எகிறினாலும் பிறகு இறக்கிக்கொள்ள விடும் பதிவு வகை) உள்ள கையடக்க ரெக்கார்டர் ஒன்றை வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடுமா?

ஆகாது. வெளியில் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று. அதற்கு அடுத்து தூரம், அதற்கும் அடுத்து மைக்கும், மைக் தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பும் தாங்களே உண்டாக்கும் இரைச்சல். இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஃப்ளோட் தொடுவதில்லை. லெவலைத் தப்பாக வைத்துவிட்டால் காப்பாற்றும், அவ்வளவுதான்.

முதலில் காற்று. காற்று மைக்கின் மேல் மோதிச் சுழலும்போது உள்ளே ஒலிக்கு அதிரும் மெல்லிய சவ்வு, அதாவது டயஃப்ரம், பெரிதாக ஆடும். கேட்கும்போது அது 'குபுகுபு' என்று அடியில் உருளும் சத்தமாக வரும். ரெக்கார்டரோடு வரும் கறுப்பு ஃபோம் உறை, வாயால் ஊதும் காற்றுக்குத்தான் சரி. இலை அசைகிற அளவுக்குக் காற்று அடித்தாலே அது போதாது. முடி வைத்த உறை, அதாவது டெட்கேட் என்கிறார்களே, அது வேண்டும். நீளமான முடி காற்றின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். உறைக்குள் அசையாத காற்று தங்கும். அதனால் உறைக்கும் மைக் தலைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால்தான் பலன். இறுக்கிப் பிடித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் மலிவு உறை வெறும் அலங்காரம்.

உறையை மாட்டியதும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எலாஸ்டிக் தளர்ந்து ஒரு விரல் நுழையும் அளவு சந்து இருந்தால், காற்று அந்த வழியாகவே உள்ளே போகும். முடி நனைந்து திரிதிரியாக ஒட்டிக்கொண்டால் மேல்ஸ்தாயி மங்கிவிடும். உலர வைத்து, சீப்பால் வாரிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆகவே மாடலை முடிவு செய்வதற்கு முன், அதற்குச் சரியாகப் பொருந்தும் முடி உறை கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காத மாடல், மற்ற விஷயங்களில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளி வேலைக்கு ஆகாது.

இதில் மைக் வகைக்கும் பங்கு உண்டு. எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி மைக் காற்றையும் கைபடும் சத்தத்தையும் ஓரளவு தாங்கும். ஒரு திசையை மட்டும் கேட்கும் கார்டியாய்ட் சீக்கிரம் குமுறிவிடும். டாஸ்காம் டிஆர்-05எக்ஸில் இருப்பது ஆம்னி ஜோடி. டிஆர்-07எக்ஸில் இருப்பது கார்டியாய்ட் ஜோடி. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், ஆனால் வெளியில் இரண்டும் வேறு வேறு கருவிகள். ஆம்னி காற்றைத் தாங்கினாலும் பின்னால் ஓடும் வண்டிச் சத்தத்தையும் சேர்த்தே எடுக்கும். கார்டியாய்டின் முதுகை அந்தச் சாலைப் பக்கம் திருப்பி வைத்தால் சத்தம் நன்றாகக் குறையும். உங்கள் இடத்தில் காற்று அதிகமா, சாலைச் சத்தம் அதிகமா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

அடிஸ்தாயி ஒலியை வெட்டும் லோ-கட் சுவிட்சைப் பயமில்லாமல் போடலாம். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ், வயலினின் அடித்தந்தி 196 ஹெர்ட்ஸ். எனவே கிட்டார் இருந்தால் 80-இல் வெட்டுங்கள். வயலின் மட்டும் என்றால் 120 வரைகூடப் போகலாம். மேளம் இருந்தால் மட்டும் பதிவின்போது அந்தச் சுவிட்சில் கை வைக்காமல், பிறகு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் காற்று மைக்கின் தலையிலேயே ஒலியை உடைத்துவிட்டால் எந்த ஃபில்டரும் அதை ஒட்டவைக்காது.

ஃப்ளோட்டின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. ஃப்ளோட் கோப்பில் 0 டெசிபலைத் தாண்டிய ஒலியைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம்; உண்மைதான். ஆனால் ஒலி அந்தக் கோப்புக்கு வருவதற்கு முன் மைக் கேப்சூலையும் (ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதி) அனலாக் சர்க்யூட்டையும் தாண்டி வரவேண்டும். விவரத்தாளில் 'அதிகபட்ச ஒலி அழுத்தம்' என்று 120 அல்லது 130 டெசிபல் போட்டிருப்பார்கள். பறைக்கோ தவிலுக்கோ அரை மீட்டரில் வைத்தால் உச்சங்கள் 120-ஐ எளிதாகத் தாண்டும். அப்போது உடைந்த ஒலியைத்தான் ஃப்ளோட் மிகத் துல்லியமாகப் பதிவு செய்து கொடுக்கும்.

24 பிட்டே போதுமா என்றால், தாராளமாகப் போதும். அமைதியான வெளியிடத்திலும் சுற்றுச்சத்தம் 30 முதல் 40 டெசிபல் இருக்கும். இசையின் உச்சம் 100 என்று வைத்தாலும் இடைவெளி 60, 70 டெசிபல்தான். 24 பிட் கணக்குப்படி 144 டெசிபல் வரை பிடிக்கும். வாசிப்பின் மிக உரத்த பகுதியை முதலில் ஒருமுறை வாசிக்கச் சொல்லி, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடுமாறு கெயினை (ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாமல் இருங்கள். ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் வாசிப்பு நிற்கும் ஒவ்வோர் இடைவெளியிலும் பூச்சிச் சத்தம் மேலே ஏறி வரும். கெயினைக் கவனிக்க ஆள் இல்லை, வாசிப்பவரே பதிவும் செய்கிறார் என்றால் மட்டும் ஃப்ளோட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

இரைச்சல் விஷயத்தில் விவரத்தாள் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ப்ரீஆம்பின் தரத்தைச் சொல்வது ஈஐஎன் என்ற எண். மைனஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அமைதி. ஸூம் எஃப்3 ரெக்கார்டருக்கு மைனஸ் 127 டிபியு. சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ-3 இரண்டாம் பதிப்புக்கு மைனஸ் 130, ஆனால் அது டிபிவி என்ற வேறு அலகில். டிபியுவில் சொன்னால் ஏறக்குறைய மைனஸ் 128. அலகைப் பார்க்காமல் ஒப்பிட்டால் மூன்று டெசிபல் வித்தியாசம் போலத் தோன்றும். இருப்பது ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவுதான்.

வெளி மைக் செருகுவதாக இருந்தால் அதன் உணர்திறனையும் பாருங்கள். மேடைப் பாடகர்கள் பிடிக்கும் ஷூர் எஸ்எம்58 ஒரு பாஸ்கலுக்கு 1.85 மில்லிவோல்ட் தரும். ரோட் என்டி5 போன்ற கண்டென்சர் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக்) 12 மில்லிவோல்ட் தரும். வித்தியாசம் 16 டெசிபல். மென்மையான புல்லாங்குழலுக்கு எஸ்எம்58-ஐ ஒரு மீட்டரில் வைத்தால் கெயினை உச்சிக்கு ஏற்ற வேண்டியிருக்கும். சுமாரான ப்ரீஆம்ப் என்றால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் கூடவே வரும். குறை மைக்கில் இல்லை, ஜோடிப் பொருத்தத்தில்.

தூரத்தைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும். வெளியில் அது கிடையாது. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போய்விடும், சுற்றுச்சத்தம் அப்படியே இருக்கும். தனிக் கருவிக்கு 60 முதல் 80 சென்டிமீட்டர், நான்கு பேர் குழுவுக்கு ஒன்றரை மீட்டர் என்று ஆரம்பியுங்கள். அரைவட்டமாக உட்கார வையுங்கள். உரத்த கருவியை அரை மீட்டர் பின்னால் தள்ளினாலே பாதிக் கலவை சரியாகிவிடும். ரெக்கார்டரைக் கையில் பிடிக்க வேண்டாம், மேசையிலும் வைக்க வேண்டாம், ட்ரைபாட் போடுங்கள். பலகை மேடை என்றால் ட்ரைபாட்டைத் தரையில் வையுங்கள், இல்லாவிட்டால் தாளம் தட்டும் கால் அப்படியே பதிவில் ஏறும்.

இப்போது எது வாங்குவது? தனியாள், சட்டென்று எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றால் உள் மைக் உள்ள சிறிய 24 பிட் ரெக்கார்டரும் நல்ல முடி உறையும் போதும். பின்னால் வெளி மைக் சேர்க்கும் எண்ணம் இருந்தால் எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் கேபிளுக்கானது) செருகி இரண்டும், கண்டென்சர் மைக்குக்கு ரெக்கார்டரே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபாண்டமும் உள்ளது வேண்டும். ஸூம் எச்5 அந்த வகை. கண்டென்சர் ஜோடி ஏற்கெனவே கையில் இருந்தால் எஃப்3 என் தேர்வு. அதில் உள் மைக்கும் கிடையாது, கெயின் குமிழும் கிடையாது. இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். 96 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோஹெர்ட்ஸ் என்று சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) பெட்டியில் போட்டிருப்பதை மறந்துவிடுங்கள், 48 போதும்.

பேட்டரி: ஃபாண்டம் போட்டால் சீக்கிரம் தீரும். விளம்பரத்தில் சொல்லும் மணிநேரம் பெரும்பாலும் ஃபாண்டம் இல்லாத கணக்கு. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மெனுவில் வகையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மீட்டர் பொய் சொல்லும். பவர்பேங்கில் ஒரு சிக்கல் உண்டு. ரெக்கார்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், ஒன்றும் செருகவில்லை என்று நினைத்து சில பவர்பேங்க் தானே அணைந்துவிடும். வீட்டில் ஒரு மணிநேரம் ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள். கார்டுக்குக் கணக்கு எளிது: 24 பிட், 48-இல் ஸ்டீரியோ மணிக்கு ஒரு ஜிபி சொச்சம். ஃப்ளோட் என்றால் 1.4 ஜிபி.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். நடு இரவில் மின்விசிறியை அணைத்து, ரெக்கார்டரை ஒரு தலையணைக்குள் புதைத்து, கெயினை முழுக்க ஏற்றி ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். சீரான 'ஸ்ஸ்' எல்லாக் கருவியிலும் இருக்கும். நடுவில் கீச்சென்ற ஒற்றை ஸ்வரமோ, விட்டுவிட்டு 'டிக் டிக்' என்றோ, ஒரு சேனலில் மட்டும் அதிக இரைச்சலோ கேட்டால் கருவியை மாற்றித் தரச் சொல்லுங்கள். சோதிக்கும்போது கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள், அதன் 'பிர்ர்' சத்தத்துக்கு ரெக்கார்டர் மேல் பழி போட வேண்டியதில்லை.