கிழிந்த ஸ்பீக்கர்

அன்புள்ள ஐயா,

கிங்க்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டைக் கிதாரில் பழகிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கரகரப்பு வர எந்தப் பெடல் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெட்டி) வாங்கலாம்? அதில் நடுவே வரும் கிதார் சோலோவை வாசித்தது ஜிம்மி பேஜ் என்கிறார்களே, உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

பெடலைப் பற்றிக் கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் கொஞ்ச நாளாக என் மண்டையையும் குடைகிறது. பின்னாளில் லெட் செப்பலின் குழுவில் பெரும்புகழ் பெற்ற பேஜ் இல்லை. வாசித்தது கிங்க்ஸின் சொந்தக் கிதார்க்காரர் டேவ் டேவிஸ். தயாரிப்பாளர் ஷெல் டால்மியே பலமுறை சொல்லிவிட்டார். அறுபது வருடமாகியும் யாரும் நம்பத் தயாராக இல்லை.

1964இல் டேவுக்கு 17 வயது. அண்ணன் ரே வீட்டு முன்னறைப் பியானோவில் பிடித்த மெட்டுத் துண்டு அது. தம்பியிடம் இருந்ததோ எல்பிகோ என்ற மலிவான குட்டி ஆம்ப், அதாவது கிதார் ஒலிபெருக்கி. அதன் சத்தம் பிடிக்காமல் பையன் சவர பிளேடை எடுத்து ஸ்பீக்கர் பேப்பரைக் கீறிவிட்டான். கிழிசல் படபடத்ததில் பிறந்ததுதான் அந்தக் கரகரப்பு. அதை வாக்ஸ் ஏசி30 ஆம்பில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். முதலில் பதிவானது மெதுவாக இருந்ததென்று ரே முரண்டு பிடிக்க, லண்டன் ஐபிசி ஸ்டூடியோவில் மறுபடி வாசித்தார்கள். அதற்குமுன் வந்த இரண்டு சிங்கிளும் எடுபடவில்லை. இது செப்டம்பரில் இங்கிலாந்தில் முதலிடம்.

டிரம்ஸ் வாசித்த பாபி கிரஹாம் வெளியாள்தான். அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. சோலோ என்றால் மட்டும் ஒரு பெரிய ஆள் வேண்டியிருக்கிறது! அந்தச் சோலோவைக் கேட்டீர்களா, இல்லை அதைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரியா? தடுக்கி விழுந்து எழுந்து ஓடுகிறது அது. தேர்ந்த கை அப்படி ஓடாது. ஓட வெட்கப்படும்.

கல்லூரியில் என் முதல் கதை அச்சில் வந்தபோது ஆசிரியர் ஒருவர் அன்பாகத் தோளில் கைபோட்டு, “யாருப்பா எழுதிக் கொடுத்தது?” என்றார். “நான்தான் சார்” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். கதை சுமார்தான். ஆனாலும் என்னுடையது.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. இரண்டு கார்டுகளுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) நடுவே போய்வரும் அந்தத் துண்டை ஒரு வாரம் வெறும் கிதாரில் வாசியுங்கள். பெடல் அப்புறம்.