ஹோஸ்ட்நேம் மாற்றினால் ரீபூட்டில் பழைய பெயரே திரும்புவது ஏன்?

கேள்வி: உபுண்டு சர்வரில் ‘சூடோ ஹோஸ்ட்நேம்’ கொடுத்து ஹோஸ்ட்நேமை, அதாவது சர்வரின் பெயரை, மாற்றினேன். அதிலிருந்து சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளையை ஓட்டுவது) போடும்போதெல்லாம் ‘அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’ என்று வருகிறது. ரீபூட் செய்தால் பழைய பெயரே வந்து நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் கொடுத்த கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உள்ள பெயரை மட்டும்தான் மாற்றும். பூட் ஆகும்போது பெயர் ‘/இடிசி/ஹோஸ்ட்நேம்’ கோப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அதில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. சூடோ புலம்புவதற்குக் காரணம் மூன்றாவது இடம்: ‘/இடிசி/ஹோஸ்ட்ஸ்’. புதிய பெயருக்கு அங்கே முகவரி இல்லை.

ஆகவே முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துங்கள். 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் புதிய பெயரை முன்னால் எழுதி, பழையதையும் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். வேலை முடிந்தபின் நீக்கலாம். 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட் வரியைத் தொடவே வேண்டாம். பிறகு ‘சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டுப் புதிய பெயரைக் கொடுங்கள். கெர்னல், ஹோஸ்ட்நேம் கோப்பு இரண்டையும் இது ஒன்றாக மாற்றிவிடும். ப்ராம்ப்ட்டில் (கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கம்) பழைய பெயரே தெரிந்தால் பதற வேண்டாம், வெளியேறி மறுபடி லாகின் செய்தால் சரியாகும்.

பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், ஹைஃபன் மட்டும் போதும். அடிக்கோடு கூடாது, ஹைஃபனில் தொடங்கவோ முடியவோ கூடாது. 63 எழுத்தைத் தாண்டாதீர்கள்.

சரிபார்க்க, வெறும் ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ போதும். ‘ஹோஸ்ட்நேம் -எஸ்’ முதல் புள்ளிவரை உள்ள குறும்பெயரையும், ‘-எஃப்’ டொமைனோடு முழுப்பெயரையும் காட்டும். ‘-எஃப்’ பிழை காட்டினால் மறுபடி ஹோஸ்ட்ஸ் வரியைப் பாருங்கள். ‘-ஐ’ பெரிய எழுத்தில் இருந்தால் லூப்பேக் (இயந்திரம் தன்னையே குறிக்கும் முகவரி) தவிர்த்த எல்லா ஐபிகளும் வரும். சிறிய எழுத்தில் கொடுத்தால் பெயருக்குரிய முகவரி மட்டும். பெரும்பாலும் அந்த 127.0.1.1தான் வரும், அதை சர்வரின் ஐபி என்று ஸ்கிரிப்டில் எடுத்துவிடாதீர்கள்.

இவையெல்லாம் லினக்ஸுக்கு. சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்புகளில் ரூட்டாக (நிர்வாகியாக) ‘ஹோஸ்ட்நேம் -எஃப்’ அடித்தால் இயந்திரத்தின் பெயரே ‘-எஃப்’ ஆகிவிடும்!

இத்தனைக்குப் பிறகும் பழைய பெயர் திரும்பினால், கிளவுட் சர்வர் என்றால் அது கிளவுட்-இனிட்டின் (பூட் ஆகும்போது கிளவுட் சர்வரை அமைக்கும் நிரல்) வேலையாக இருக்கும். ‘/இடிசி/கிளவுட்/கிளவுட்.சிஎஃப்ஜி’ கோப்பில் ‘ப்ரிசர்வ்_ஹோஸ்ட்நேம்’ மதிப்பை ‘ட்ரூ’ ஆக்கி, புதிய பெயரை மறுபடி கொடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.