பல் ஆடுகிறது, உதடு மரத்திருக்கிறது: பிடுங்குவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மிணி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 62 வயது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, ஊசி மருந்து ஏற்றி, கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்திருக்கிறார்கள். அப்புறம் தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை, எலும்புக்கு என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி, அதுவும் மூன்று வருஷம். நன்றாகத்தான் இருந்தார். இப்போது ஒன்றரை மாதமாகக் கீழ்த்தாடையில் வலது பக்கம் வலி, ஒரு கடைவாய்ப்பல் ஆடுகிறது, தாவாக்கட்டையும் கீழுதடும் மரத்துக் கிடக்கின்றன. பல் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் பிடுங்கிவிடலாம் என்கிறார். ‘அம்மா வெற்றிலைகூடப் போடமாட்டார், அவருக்கு வாயில் புற்றுநோய் வருமா, பல்லைப் பிடுங்கலாமா’ என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: பழைய நோயைப் பல் டாக்டரிடம் சொல்லவில்லை, அம்மாவிடமே அதை நீர்க்கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

பிடுங்க வேண்டாம். குறைந்தது படம் எடுத்துப் பார்த்து, அவருக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்த்த புற்றுநோய் டாக்டரிடம் பேசும்வரையாவது வேண்டாம்.

என்னை உறுத்துவது ஆடுகிற பல்லைவிட அந்த மரத்துப்போன உதடுதான். கீழ்த்தாடை எலும்புக்கு உள்ளே ஒரு குழாய் மாதிரி வழி இருக்கிறது, அதில் ஒரு நரம்பு ஓடி, தாவாய்ப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே வந்து கீழுதட்டுக்கும் தாவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிறது. சொத்தைப்பல் வலிக்கும், வீங்கும், சீழ் வைக்கும், ஆனால் உதட்டை மரக்க வைப்பது அபூர்வம். பெரிய சீழ்க்கட்டி அந்த நரம்பை அழுத்தினாலும் மரக்கலாம், அதனால் இப்போதே எதையும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனாலும் ஒரு தடவை புற்றுநோய் வந்துபோனவருக்குக் காரணம் தெரியாமல் தாவாய் மரத்தால், அது திரும்பி வந்திருக்கிறதோ என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஐந்து வருஷம் தாண்டிவிட்டதே என்பீர்கள். ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய் பத்து வருஷம் கழித்தும் தலைகாட்டும்.

வெற்றிலை விஷயத்துக்கு வருகிறேன். புகையிலையும் பாக்கும் கொண்டுவருவது வாயிலேயே பிறக்கும் புற்றுநோய். நம் பக்கத்தில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். வேறு உறுப்பில் பிறந்து ரத்தத்தோடு வந்து தாடையில் தங்குவது வேறு ரகம், வாய்ப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் இருக்கும். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் களை விதையும் கூடவே வரும், ஆனால் எல்லா வயலிலும் ஒரே மாதிரி முளைக்காது இல்லையா? 1889-இல் லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு இதே விதை, மண் கணக்கைத்தான் சொன்னார்: புற்றுநோய் செல் விதை, அது போய்த் தங்கும் உறுப்பு மண். எலும்பு மஜ்ஜை அந்த விதைக்குப் பிடித்த மண். பெரியவர்களின் கீழ்த்தாடையில் கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் சிவப்பு மஜ்ஜை மிச்சம் இருக்கும், அங்கே ரத்த ஓட்டமும் மெதுவானது. அதனால்தான் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில், அதுவும் பின்பக்கம், அதிகம் பார்க்கிறோம். பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும் ஆண்களுக்கு நுரையீரலிலிருந்தும் வருவது அதிகம், சிறுநீரகம், புராஸ்டேட், தைராய்டு, பெருங்குடல் இவற்றிலிருந்தும் வரும்.

சில சமயம் ஈறிலும் வரும். சிவப்பாக, தொட்டால் ரத்தம் வரும் சின்னச் சதை மாதிரி, பார்த்தால் சாதாரண ஈறு வீக்கமேதான். திருப்பூர் பக்கமிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார், ஊரில் ஆடின பல்லைப் பிடுங்கி மூன்று வாரத்தில் அந்தக் குழியிலிருந்து சதை பொங்கி வந்துவிட்டது, புண் ஆறவில்லை என்று இரண்டு தடவை சுரண்டியிருக்கிறார்கள், இரண்டு தடவையும் ரத்தம் நிற்கவே நேரமாகியிருக்கிறது. சதைப் பரிசோதனையில் (பயாப்ஸி) சிறுநீரகப் புற்றுநோய் என்று வந்தது. சிறுநீரகத்தில் ஒன்று இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. இப்படித் தாடைக்குப் பரவி வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வாயில் தெரிவதுதான் முதல் அறிகுறி. அதனால் பல் பிடுங்கின குழியில் சதை வளர்ந்தால் யாருக்காக இருந்தாலும் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பிடுங்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் அந்த எலும்பு ஊசி. பெயர் எழுதவில்லை, ஆறு மாதக் கணக்கைப் பார்த்தால் ஜோலெட்ரானிக் ஆசிட் ஆக இருக்கலாம், பழைய சீட்டில் பாருங்கள். எலும்பு அரிக்காமல் காப்பாற்றும் நல்ல மருந்துதான், ஆனால் அதைப் போட்டவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஒரு பகுதி செத்து, ஈறைத் தாண்டி வெளியே தெரிந்து, வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். அதைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் பல் பிடுங்குவதுதான். ஊசியை நிறுத்தினாலும் மருந்து எலும்பில் வருஷக்கணக்கில் தங்கியிருக்கும். இந்தப் பாதிப்பிலும் வலி, ஆட்டம், மரப்பு எல்லாம் வரும் என்பதால், உங்கள் அம்மாவுக்கு இருப்பது இதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

முதலில் ஓபிஜி எடுங்கள், இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே அது, கோபியிலோ ஈரோட்டிலோ எடுத்துவிடலாம். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் திருப்தியடைந்துவிடாதீர்கள், எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும். மரப்பு இருக்கும்வரை சிடி அல்லது எம்ஆர்ஐ கேளுங்கள். சந்தேகம் உறுதியானால் சதைப் பரிசோதனை. ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று சொந்தக்காரர்கள் தடுப்பார்கள், கேட்காதீர்கள். அந்தத் துண்டு சதை இல்லாமல் எந்த மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. தாடையில் இருந்தாலும் அது மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்குரியதே, ஐந்து வருஷத்தில் அதன் குணம் மாறியிருக்கலாம் என்பதால் அந்தச் சதையில் ஹார்மோன் சோதனையை மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். உடம்பில் வேறெங்கும் இருக்கிறதா என்று பெட் ஸ்கேனோ எலும்பு ஸ்கேனோ எடுப்பார்கள். செலவுக்குத் தயங்கினால் கோவை அரசு மருத்துவமனையோ பெருந்துறை மருத்துவக் கல்லூரியோ போங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சில தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும்.

பரவியது என்றே வந்தால்? நேராகவே சொல்கிறேன், அந்த நிலையில் முழுக்க குணமாக்குவது பெரும்பாலும் முடியாது. ஆனால் கட்டுப்படுத்த முடியும், மார்பகப் புற்றுநோயில் மாத்திரையாலேயே வருஷக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. தாடை வலிக்கு அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நாள் கரண்டு வைத்தால் பலருக்கு நன்றாகக் குறையும். வலியைச் சகித்துக்கொண்டு இருக்கச் சொல்லவே வேண்டாம், தேவைப்பட்டால் மார்ஃபின் வரைக்கும் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை வீட்டில் மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. எலும்பு பலவீனமாக இருந்தால் உடையலாம், அதனால் முறுக்கு, கரும்பு எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வைத்துக் கொடுங்கள். மரத்த உதட்டுக்குச் சூடு தெரியாது, காப்பியை ஆற்றிக் கொடுங்கள், ஒத்தடமும் கிராம்புத் தைலமும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அந்தக் கடைசி வரி. பல் டாக்டர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்குத் தெரியவில்லை. வேறு ஏதாவது நோய் உண்டா என்று அவர் கேட்டிருப்பார், நீர்க்கட்டி என்று நம்புகிற அம்மா எதைச் சொல்லுவார்? பயந்துவிடக் கூடாதே என்று பாசத்தில் மறைத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் முடி கொட்டி, கரண்டு வைத்து, ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் நம்பவில்லை. மறுபடி ஸ்கேன் அறைக்குள் அழைத்துப் போவதற்கு முன்னால் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். பல் டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்து மார்பக ஆபரேஷனையும் எலும்பு ஊசியையும் சொல்லுங்கள். பழைய ஃபைல், அப்போது எடுத்த மார்பகச் சதைப் பரிசோதனை ரிப்போர்ட், ஊசிச் சீட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு, இந்த வாரத்துக்குள்ளேயே புற்றுநோய் டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போங்கள்.