அப்பா அம்மா, பிள்ளைகளோடு இத்தாலியை நிதானமாகச் சுற்ற எப்படித் திட்டமிடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 65 வயது தாண்டிய பெற்றோர், இரண்டு பிள்ளைகள், கணவன் மனைவி என ஆறு பேர். சைவம். ஓட்டமில்லாமல் இத்தாலியின் சிறிய ஊர்களைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு இத்தாலியச் சாப்பாடு போட வேண்டும்.

ஒரே ஊரில் வீடு எடுங்கள். அந்த ஊர் வட இத்தாலியின் பொலோஞாவாக இருக்கட்டும். "இத்தாலி போய் ரோம் பார்க்காமலா?" என்று கேட்க நிறையப் பேர் வருவார்கள். ரோமும் வெனிஸும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது நிதானம். இரண்டு நாளைக்கு ஒரு ஊர் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். காலை பத்து மணிக்கு ஒரு வீட்டைக் காலி செய்ய வேண்டும், அடுத்த வீட்டுச் சாவி பிற்பகல் மூன்றுக்குத்தான் கைக்கு வரும். நடுவில் ஐந்து மணி நேரம், ஆறு பெட்டிகளும் முழங்கால் வலிக்காரர்களும் தெருவில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாள் போய்விடுகிறது.

பொலோஞாவைச் சொல்லக் காரணம் அதன் தாழ்வாரங்கள், அதாவது தெருவோரமாக ஓடும் கூரை போட்ட நடைபாதைகள். ஊர் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். மழையும் வெயிலும் மேலே படாமல் பெரியவர்கள் நடக்கலாம், மையப் பகுதி பெரும்பாலும் சமதளம். 666 வளைவுகளோடு மலைமேல் சான் லூகா கோயிலுக்கு ஏறும் தாழ்வாரம் மட்டும் கடைசியில் செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டியில் போய்விடலாம். மார்ச்சில் அழகுசாதனக் கண்காட்சி, செப்டம்பரில் ஓடு, டைல்ஸ் கண்காட்சி என்று பெரிய வணிகச் சந்தைகள் அங்கே நடக்கும். அந்த வாரங்களில் வாடகை தாறுமாறாக ஏறும். தேதி பார்த்து எடுங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களையும் தவிருங்கள். வெயிலும் கடுமை, குடும்பக் கடைகளும் பல மூடியிருக்கும்.

அங்கிருந்து ரயிலில் மோடெனா அரை மணிக்குள், ஃபெராரா அரை மணியிலிருந்து முக்கால் மணி, பார்மா ஏறக்குறைய ஒரு மணி, ராவென்னா ஒரு மணிக்குச் சற்று மேல். ஃப்ளாரன்ஸ் அதிவேக ரயிலில் 40 நிமிடத்துக்குள். ஒரு நாள் ஊர், மறுநாள் வீடு என்று மாற்றி மாற்றி வையுங்கள். ராவென்னாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். சான் விதாலே கோயிலின் மொசைக் ஓவியங்கள் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பக்கத்திலுள்ள கல்லா பிளாசிடியா நினைவகம் சிறியது, சில நிமிடங்கள்தான் உள்ளே விடுவார்கள், நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். உள்ளே இருட்டுக்குக் கண் பழகவே ஒரு நிமிடம் போகும். அதுவரை பேசாமல் நின்று, பிறகு நிமிர்ந்து நீலக் கூரையில் பொன் நட்சத்திரங்களைப் பார்க்கப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பணம் விரயமாவது ரயிலில்தான். 'ரெஜியோனாலே' எனும் வட்டார ரயிலுக்கு என்றைக்கும் ஒரே கட்டணம், இருக்கை எண் கிடையாது, முன்கூட்டி வாங்க வேண்டியதில்லை. 4 வயதுக்குக் கீழ் இலவசம், 12 வரை பாதி. ஆனால் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் வாங்கினால் புறப்படும் முன் செக்-இன் அழுத்த வேண்டும். இதைச் செய்ய மறந்தவர்கள் சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்டுகிறார்கள். அதிவேக ரயிலுக்கு இது எல்லாம் கிடையாது, ஆனால் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஃப்ளாரன்ஸ் பயணத்தை மட்டும் முன்பே வாங்கி வையுங்கள்.

பொலோஞா நிலையத்தில் ஒரு சிக்கல் உண்டு. அறிவிப்புப் பலகையில் நடைமேடை எண்ணுக்குப் பக்கத்தில் 'ஓவெஸ்ட்' அல்லது 'எஸ்ட்' என்று இருந்தால் அது முன்வாசலில் தெரியும் நடைமேடை அல்ல. நிலையத்தின் மேற்குக் கோடியிலோ கிழக்குக் கோடியிலோ தனியாக இருக்கும். அதிவேக ரயில்களுக்கான 16 முதல் 19 வரையிலான நடைமேடைகள் தரைக்கு வெகு ஆழத்தில் உள்ளன. பெரியவர்களோடு போகும்போது கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி, ஆனால் முன்பே அறிவித்து நடக்கும். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உறுதி செய்யப்பட்ட வட்டார ரயில்கள் ஓடும். அதற்குள் வீடு திரும்பப் பாருங்கள்.

கார் வேண்டாம். பழைய நகர்ப் பகுதிகளில் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம், மாதங்கள் கழித்து இந்தியாவுக்கே தபால் வரும், வாடகை நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து எடுக்கும்.

வீட்டைப் பற்றி யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. இத்தாலிய வீடுகள் பெரும்பாலானவற்றுக்கு மின் இணைப்பு 3 கிலோவாட் மட்டுமே. வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது ஏசியும் ஓடி, நீங்கள் இண்டக்ஷன் அடுப்பிலும் சோறு வைத்தால் மொத்த வீடும் அணைந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் சுவிட்சைத் தூக்கினால் சில நேரம் வராது. மீட்டர் கீழே வாசல் பக்கமோ நிலவறையிலோ இருக்கும், அங்கே போய்த்தான் தூக்க வேண்டும். சாவி வாங்கும்போதே அது எங்கே என்று கேட்டுப் பார்த்து வையுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மெல்லிய இரண்டு முள் பிளக் நுழையும். சுற்றுலாப் பயணிகளுக்கான ஊர் வரியைத் தலைக்கு, இரவுக்கு என்று கணக்கிட்டுத் தனியாக வாங்குவார்கள், பல இடங்களில் ரொக்கமாக. லிஃப்ட் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

சைவத்துக்கு வருகிறேன். பொலோஞா இறைச்சி ஊர், ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம். உள்ளே பூரணம் வைத்த பாஸ்தாக்களில், தோர்தெல்லீனியில் பன்றி இறைச்சி, அதைவிடப் பெரிய தோர்தெல்லோனியில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியும் கீரையும். ஃபெராராவில் பூசணி வைத்த கப்பெல்லாச்சி கேளுங்கள். வெண்ணெய், சேஜ் இலையோடு தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கறிக் குழம்பு ஊற்றி வரும். கையால் தேய்த்த பாஸ்தாவில் நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை சேரும், பாக்கெட் பாஸ்தாவில் பொதுவாக முட்டை இல்லை. பியாதீனா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால்தான் உறையவைக்கப்படுகிறது. கறாரான சைவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்தால் மனம் கசந்துபோகும். பாலாடைக்கட்டி இல்லாத மரினாரா பீட்சா எங்கும் கிடைக்கும். உணவகங்களில் மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழரைக்குத்தான் மறுபடி. பசி தாங்காத பிள்ளைகளுக்கு வீட்டில் சமையல் இருப்பது பெரிய நிம்மதி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறோம்" என்பவர்களில் பலர் அவர்களைப் பிள்ளை பார்க்கவே கூட்டிப் போகிறார்கள். மகனும் மருமகளும் அருங்காட்சியகத்துக்குள், தாத்தா பாட்டி வெளியே படிக்கட்டில் பேரனோடு. ஊரில் செய்த வேலையையே செய்ய அவர்கள் கடல் தாண்ட வேண்டுமா? நீங்கள் அப்படி என்று சொல்லவில்லை. ஒரு நாளாவது பிள்ளைகளை நீங்கள் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும் தனியாக அனுப்புங்கள். பொலோஞாவின் தாழ்வாரங்களில் பயமில்லாமல் நடந்து, ஒரு காபி குடித்துவிட்டு வருவார்கள். நின்றபடி குடித்தால் பல கடைகளில் விலை குறைவு, உட்கார்ந்தால் கூடும் என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக வீட்டு விருந்து. பாஸ்தாவைச் சுமந்து வராதீர்கள், இத்தாலியப் பாக்கெட்டே இங்கே கிடைக்கிறது. காய்ந்த போர்ச்சினி காளானும் மோடெனா பால்சாமிக் வினிகரும் வாங்குங்கள். 'திரதிஸியோனாலே' என்று எழுதிய மோடெனா வினிகர் 100 மில்லி புட்டியில் மட்டுமே வரும். அதில் காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும், குறைந்தது 12 ஆண்டு மரப்பீப்பாயில் இருந்தது. விலை மலிவல்ல. பெரிய புட்டியில் வரும் மலிவானதில் சாதா வினிகர் கலந்திருக்கும், சாலடுக்கு அது போதும்.

இருபது பேருக்கு ஆளுக்கு 80 கிராம் வீதம் 1.6 கிலோ பென்னே (சிறு குழல் வடிவப் பாஸ்தா). ஸ்பகெட்டி வேண்டாம், கூட்டத்துக்கு அது ஒட்டிக் கட்டியாகும். மொத்தத்தையும் ஒரே அண்டாவில் கொட்டினால் கொதி அடங்கி மாவாகிவிடும். 400 கிராமுக்கு 4 லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு என நான்கு தடவையாக வேகவிடுங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்பே வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் புரட்டுங்கள். வடித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டாம்.

சாஸுக்கு 3 கிலோ பெங்களூர் தக்காளி. நாட்டுத் தக்காளியின் புளிப்பு இதற்கு ஒத்துவராது. தோலுரித்து, 150 மில்லி எண்ணெயில் பன்னிரண்டு பல் பூண்டு பொன்னிறமாகும் முன்பே தக்காளியைப் போடுங்கள், சிவந்தால் கசக்கும். முக்கால் மணி நேரம் சிறு தீ. காரம் வேண்டுமென்றால் காய்ந்த மிளகாய், கரம் மசாலா வேண்டாம். பேசில் கிடைக்காவிட்டால் திருநீற்றுப் பச்சிலை சேர்க்கலாம், அதே இனம்தான். மணம் தூக்கல் என்பதால் பாதி அளவு போதும். விருந்தினர் உட்கார்ந்த பிறகு பாஸ்தாவைச் சாஸில் போட்டு, வடித்த தண்ணீர் இரண்டு மூன்று கரண்டி விட்டு நான்கு நிமிடம் கிளறி இறக்குங்கள்.

பால்சாமிக்கை அடுப்பில் வைக்காதீர்கள். வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஆளுக்கு அரை டீஸ்பூன். இருபது பேருக்குப் பாதிப் புட்டி செலவாகும்.