மாண்டிசோரி வகுப்பு என்றால் விளையாட்டு மட்டும்தானா?

காரைக்குடியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் மாண்டிசோரி வகுப்பில் மூன்று வயது மகளைச் சேர்க்கலாமா, அங்கே விளையாட்டு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். பார்க்க விளையாட்டு போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பொருளும் யோசித்துச் செய்தது. இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று உண்டு. 10 மரக்கட்டைகள், சிறியது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. வரிசை தப்பினால் கண்ணுக்கே தெரிந்துவிடும், குழந்தை தானே கலைத்து மறுபடி அடுக்கும். டீச்சர் 'தப்பு' என்று சொல்லவே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எழுத்தும் அப்படியே: உப்புத்தாளில் வெட்டிய 'அ'வை விரலால் தடவிப் பழகிய பிறகுதான் பென்சில். நம் ஆச்சிமார் பல்லாங்குழியில் புளியங்கொட்டை போட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்ததும் கைவழிப் படிப்புதானே!

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய முறை இது. 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் கத்தோலிக்கர், ஆனால் முறை எந்த மதத்துக்கும் பொது. ஜெபம், மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாடம்) எப்படி என்று பள்ளியிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். அரைமணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் கலந்திருக்க வேண்டும், சாமான்கள் அவர்கள் கைக்கெட்டும் அலமாரியில் இருக்க வேண்டும்.