பூட்டிய திரையில் எட்டிப் பார்க்கும் செய்திகள்: வாசகர் கேள்வி – பதில்

போன் பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் வந்த மெசேஜை யார் வேண்டுமானாலும் படித்துவிடுகிறார்கள். குமரி மாவட்ட வாசகர்கள் இதைப் பற்றிக் கேட்ட சில கேள்விகளும் பதில்களும் இங்கே. மெனுவின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'லாக் ஸ்க்ரீன்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் பெரும்பாலும் சரியான இடத்துக்குப் போய்விடலாம்.

தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்கிறேன். போன் தராசுக்குப் பக்கத்தில் மேசையிலேயே கிடக்கும். ஓணம் நேரத்தில் கேரள வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலையை எதிரில் நிற்பவர் படித்துவிடுகிறார். விலை தெரியக் கூடாது. பணம் ஏறிய செய்தி மட்டும் தெரிய வேண்டும். வழி உண்டா?
– வாசகர், தோவாளை

உண்டு. உங்களுடையது ஆண்ட்ராய்டு போன் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லா நோட்டிஃபிகேஷனையும் மறைக்க வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பை மட்டும் மறைத்தால் போதும்.

கைரேகை வசதி இருந்தால் வேலை சுலபம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'பிரைவசி'க்குள் போய், அடியில் இருக்கும் 'ஆப் லாக்'கை ஆன் செய்யுங்கள். அங்கேயே 'ஷோ கன்டென்ட் இன் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். பிறகு மெசேஜ் வந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். அனுப்பிய ஆளும் தெரியாது, விலையும் தெரியாது. எவ்வளவு நேரத்தில் பூட்ட வேண்டும் என்றும் அதே பக்கம் கேட்கும். 'உடனே' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அரை மணி நேரம் என்று வைத்தால் மேசையில் கிடக்கும் போனுக்குப் பயனில்லை. ஆப் லாக் இருந்தாலும் வாட்ஸ்அப் அழைப்புகளை வழக்கம்போல எடுக்கலாம்.

கைரேகை இல்லாத போன் என்றால், முதலில் பின் அல்லது பேட்டர்ன் போடுங்கள். விரலால் தள்ளினாலே திறக்கும் போனில் மறைக்கும் வசதியே கண்ணில் படாது. பலர் தேடித் தேடிக் களைத்துப்போவது இதனால்தான். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் வகைகள் வரிசையாக வரும். மெசேஜ் வகையைத் தொட்டு, அதற்குள் 'லாக் ஸ்க்ரீன்' என்ற இடத்தில் உள்ளடக்கத்தை மறைக்கும்படி மாற்றுங்கள். குரூப் மெசேஜ் தனி வகை. அதையும் மாற்ற வேண்டும். யாருக்காவது தனி ரிங்டோன் வைத்திருந்தால் அவர் இன்னொரு வகையாக நிற்பார். 'மறைத்தேன், ஆனாலும் ஒருவருடைய மெசேஜ் மட்டும் தெரிகிறது' என்பவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். புதிய சாம்சங் போன்களில் வகைகளே தெரியாமல் இருக்கலாம். நோட்டிஃபிகேஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் ஆப்வாரியாக வகைகளை நிர்வகிக்கும் பொத்தானை ஆன் செய்தால் வந்துவிடும்.

பணம் ஏறிய செய்தி விஷயத்தில் ஒன்று. வங்கி அனுப்பியதுபோல எஸ்எம்எஸ் அனுப்பி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. மொத்தப் பூவுக்குப் பெரிய தொகை என்றால், திரையில் மின்னியதை நம்பிக் கூடையைத் தூக்கிக் கொடுக்காமல், ஆப்பைத் திறந்து வரவுப் பட்டியலைப் பாருங்கள். பணம் ஏறியதைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஐபோனில் 'வென் அன்லாக்டு' (பூட்டு திறந்தால் மட்டும் மெசேஜைக் காட்டு) என்றுதான் வைத்திருக்கிறேன். ஆனாலும் நாகர்கோவில் பஸ்ஸில் போனைக் கையில் எடுத்ததும் மெசேஜ் எல்லாம் விரிந்து, பக்கத்து சீட்டுக்காரர் கண்ணில் படுகிறது. பழுதா?
– வாசகி, மார்த்தாண்டம்

பழுது இல்லை. ஃபேஸ் ஐடி உங்கள் முகத்தைப் பார்த்ததும் 'திறந்தாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் திரையை மேலே தள்ளும்வரை காத்திருப்பதில்லை. தனியாக இருக்கும்போது அது வசதி. நெரிசலான பஸ்ஸில் இல்லை. செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், ஷோ பிரிவ்யூஸ் போய் 'நெவர்' என்று மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றால் அதே பக்கத்தில் ஆப்பின் பெயரைத் தொட்டு அதற்கு மட்டும் மாற்றலாம்.

கடலுக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். பேங்க் ஓடிபி பூட்டிய திரையிலேயே தெரிகிறது. மறைத்துவிட்டால் பணத்துக்குப் பயமில்லையா?
– வாசகர், குளச்சல்

பாதிப் பயம்தான் போகும். மறைக்கத்தான் வேண்டும்: செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், லாக் ஸ்க்ரீன் போய் 'சென்ஸிட்டிவ் கன்டென்ட்' அல்லது 'ஹைட் கன்டென்ட்' என்பதை, உள்ளடக்கம் மறையும்படி மாற்றுங்கள். நோட்டிஃபிகேஷனையே நிறுத்திவிடாதீர்கள், பணம் போனால் அந்த எஸ்எம்எஸ்தானே உங்களுக்குச் சொல்லும்.

ஆனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், ஓடிபி அந்தப் போனுக்கு வந்துவிடும். உங்கள் பூட்டு அங்கே செல்லாது. இதற்குத்தான் சிம் பின், அதாவது சிம்முக்கே போடும் பூட்டு எண். ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதியில் 'சிம் லாக்' என்று இருக்கும். ஐபோனில் மொபைல் டேட்டாவுக்குள் 'சிம் பின்'. ஆன் செய்யும்போது ஏற்கெனவே உள்ள பின்னைக் கேட்கும். ஊகித்துத் தட்டாதீர்கள், சிம் கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு அதைத் திறக்கும் 8 இலக்க பக் (PUK) எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் அந்த சிம் அவ்வளவுதான். புதியது வாங்க வேண்டும். பின் போட்டபின் போனை அணைத்துப் போட்டாலும் கேட்கும், அடிக்கும்வரை அழைப்பு வராது. வீட்டில் யாரையாவது அவசரத்துக்கு எடுக்கச் சொல்லியிருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொரு ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை. சில சேவைகள் ஓடிபியை அழைப்பிலும் சொல்லும். பூட்டிய போனிலும் அழைப்பை எடுக்கலாம். வாட்ஸ்அப் கணக்கை வேறு போனுக்கு மாற்றிக்கொள்ள இந்த வழி போதும். அதனால் வாட்ஸ்அப் செட்டிங்ஸில், அக்கவுன்ட் பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு 6 இலக்க பின் வையுங்கள்.

பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். போனே தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். அந்த எண்ணை *#06# அடித்து இன்றே எழுதி வையுங்கள்.

போனில் எல்லாம் மறைத்தாயிற்று. கையில் கட்டிய வாட்சில் முழு மெசேஜும் வருகிறதே?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

வாட்ச், கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் எல்லாம் போனின் லாக் ஸ்க்ரீன் செட்டிங்கைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. போனில் இருக்கும் வாட்ச் ஆப்பைத் திறந்தால் எந்தெந்த ஆப்பின் செய்தி வரலாம் என்ற பட்டியல் இருக்கும். மெசேஜ், வாட்ஸ்அப் இரண்டையும் எடுத்துவிடுங்கள். விலை குறைந்த பேண்டுகளில் பூட்டு வசதியே இராது.

'ஹைட் கன்டென்ட்' போட்டும் ஒரு செய்தி ஆப் மட்டும் முழுத் தலைப்பையும் காட்டுகிறது. வீட்டுக்குள் வந்தால் மற்றவையும் தெரிகின்றன. ஏன்?
– வாசகர், தக்கலை

இரண்டு வேறு காரணங்கள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல், பூட்டிய திரையில் எதைக் காட்டலாம் என்பதை ஆப்பே குறித்து அனுப்புகிறது: பொது, தனிப்பட்டது, ரகசியம் என்று மூன்று தரம். 'பொது' என்று வந்தால் போன் மறைப்பதில்லை. அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷன் பக்கத்தில் லாக் ஸ்க்ரீனில் காட்டுவதை மட்டும் நிறுத்துங்கள்.

வீட்டுக்குள் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் 'எக்ஸ்டென்ட் அன்லாக்'. பழைய போன்களில் 'ஸ்மார்ட் லாக்'. வீட்டை நம்பகமான இடம் என்று சேர்த்திருப்பீர்கள்; அங்கே போன் திறந்த நிலையிலேயே இருக்கும். செக்யூரிட்டி பகுதியில் அந்த இடத்தை நீக்குங்கள். நீக்க மனமில்லை, விருந்தாளி வரும் நேரத்துக்கு மட்டும் போதும் என்றால், பவர் மெனுவில் 'லாக்டவுன்' தொடுங்கள். கைரேகையும் நம்பகமான இடமும் அடுத்த முறை பின் அடிக்கும்வரை செல்லாது; பூட்டிய திரையில் எந்த நோட்டிஃபிகேஷனும் வராது. சாம்சங்கில் அந்தப் பொத்தானை 'செக்யூர் லாக் செட்டிங்ஸ்' போய் ஒருமுறை ஆன் செய்ய வேண்டும்.