பயோஇ3 கொள்கை: கேள்வி பதில்

உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை வளர்க்க 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பயோஇ3 கொள்கை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

உயிரிப் பொருளாதாரம் என்பது தடுப்பூசியும் மருந்தும்தானே? (மாணவி, திருச்சி)

அவை ஒரு பெரிய பங்கு, முழுப்பங்கு அல்ல. பெட்ரோலில் கலக்கும் எத்தனால், சலவைத்தூளில் சேரும் நொதி (என்சைம்), பூச்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி விதை எல்லாம் இதே கணக்கில் வருகின்றன. இந்தியாவின் உயிரிப் பொருளாதாரம் 2030-க்குள் 300 பில்லியன் டாலரை எட்ட வேண்டும் என்ற அரசின் இலக்கும் இப்படிக் கூட்டி வந்த தொகைதான். அதைக் கேட்டு மலைக்க வேண்டாம்.

1986-லேயே உயிரித் தொழில்நுட்பத் துறை வந்துவிட்டது, 2012-ல் உயிரித் தொழில் நிறுவனங்களுக்கு உதவும் அரசு நிறுவனமான பைராக்கும் வந்தது. இன்னொரு கொள்கை எதற்கு? (தொழில்முனைவோர், கோவை)

பைராக்கின் 'பிக்' நிதியில் 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஒரு யோசனையைச் சோதித்துப் பார்க்க அது போதும். சிக்கல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. குடுவையில் செழித்து வளரும் நுண்ணுயிர் பத்தாயிரம் லிட்டர் கலனில் திணறும். ஆக்சிஜன் சீராகப் பரவாது, வெப்பம் எளிதில் வெளியேறாது. வேண்டாத கிருமி ஒன்று புகுந்தால் கலன் முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். இதைச் சோதித்துப் பார்க்கும் இடைநிலை ஆலைக்குக் கோடிகள் வேண்டும். விற்பனையே தொடங்காதவரை நம்பி எந்த வங்கி அவ்வளவு கொடுக்கும்? பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் உற்பத்தி மையங்களை அமைப்போம் என்கிறது பயோஇ3. என் பார்வையில் கொள்கையின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வாடகையும் காத்திருப்பும் சிறு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவேன்.

உயிரித் தொழில்நுட்பப் படிப்புக்கு வேலை கிடைக்குமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பிசிஆர் என்ற ஆய்வக முறை மட்டும் தெரிந்தால் கடினம். நொதித்தல், விளைந்த பொருளைப் பிரித்துத் தூய்மையாக்குதல், தரக்கட்டுப்பாடு ஆகியவற்றில் கைப்பழக்கம் தேடிக்கொள்ளுங்கள்.

மரபணு மாற்றுப் பயிர்களுக்கு இது பின்வாசலா? (விவசாயி, தஞ்சாவூர்)

இல்லை. 2010-ல் நிறுத்தப்பட்ட பி.டி. கத்தரி அப்படியேதான் இருக்கிறது. மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். வேற்று உயிரின் மரபணு எஞ்சாத மரபணுத் திருத்தப் பயிர்களின் பாதை வேறு: 2022-ல் விதிகள் தளர்த்தப்பட்டன, 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை யாரிடம் இருக்கிறது என்று விடாமல் கேளுங்கள் ஐயா.

எத்தனாலுக்கு மக்காச்சோளம் போகிறது, எங்கள் கோழிகளுக்கு? (பண்ணையாளர், நாமக்கல்)

உங்கள் கோபம் நியாயமானது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு, எத்தனால் தேவை கூடியதும் 2024-ல் இறக்குமதியில் இறங்கியது. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2022-ல் பானிபட்டில் திறக்கப்பட்டது. ஆனால் வைக்கோலை உடைத்துச் சர்க்கரையாக்க நொதிச் செலவு அதிகம். அது குறையும்வரை தீவனச் சந்தையில் உங்களுக்கு எத்தனால் ஆலைகளோடு போட்டிதான்.